பாய் விரிக்கும் இடம் போதும்
சிறு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே விசுவாசத்தை ஊட்டுவது பற்றி

"சொந்தக் காணிக்குத் திரும்பட்டும், ஒரு கல்வீடு எழும்பட்டும், பிறகு பிள்ளைகளை இருத்திச் செபம் சொல்லிக் கொடுக்கலாம்." இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கொட்டிலிலோ, உறவினர் வீட்டு விறாந்தையிலோ, வாடகைக்கு எடுத்த ஓர் அறையிலோ சமையலும் படுக்கையும் படிப்பும் ஒன்றாகவே நடக்கின்றன. ஊர் வீட்டில் மாட்டியிருந்த திரு இருதயப் படம் எங்கே விடுபட்டது என்றுகூடப் பலருக்குத் தெரியாது. பங்குக் கோயில் தூரம். ஞாயிறு மறைப்பாடசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்ல பஸ் காசு வேண்டும்.

ஆனால் பிள்ளையின் வயது காத்திருப்பதில்லை. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களில், முகாமிலே பிறந்து, முகாமிலே முதல் நன்மை வாங்கி, முகாமிலே மணம் முடித்தவர்கள் இருக்கிறார்கள். வீடு வரட்டும் என்று பெற்றோர் காத்திருந்தால், வீடு வரும்போது வீட்டில் சிறு பிள்ளை இருக்காது. கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழை விழுந்த பிறகு, வரம்பு முழுவதும் கட்டி முடியட்டும் என்று விதைநெல்லை மூட்டையில் வைத்திருப்பவர் யார்?

குரு இல்லாத முப்பது ஆண்டுகள்

வசதியில்லாத வீட்டில் விசுவாசம் வளர்ப்பது நமக்குப் புதிய காரியம் அல்ல. நமது முன்னோர் செய்த காரியம்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றமாயிற்று. கோயில்கள் ஒல்லாந்த சபையின் கைக்குப் போயின. அவற்றோடு சேர்ந்த பள்ளிகளில் அந்தச் சபையின் மறையையே பிள்ளைகள் படிக்க வேண்டியிருந்தது. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், இங்கே மேய்ப்பர் இல்லாத காலம். அடிகளார் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகச் சென்று கத்தோலிக்கரைத் தேடினார் என்று வரலாறு சொல்கிறது. சில்லாலை மக்கள் அவரை ஒளித்து வைத்துக் காத்தார்கள். இரவு வேளைகளில் வீடுகளில் திருப்பலி நடந்தது. அவர் 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும் 2015 ஜனவரி 14ஆம் திகதி புனிதராகவும் கொழும்பிலே உயர்த்தப்பட்டார்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. அடிகளார் தேடி வந்தபோது, கண்டெடுப்பதற்கு இங்கே விசுவாசம் மிஞ்சியிருந்தது. 1658இல் தொட்டிலில் கிடந்த பிள்ளை 1687இல் தானே தாயாகவோ தகப்பனாகவோ ஆகியிருக்கும். அந்தப் பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடச் சொல்லிக் கொடுத்தது யார்? கோயில் இல்லை, குரு இல்லை, மறைப்பாடசாலை இல்லை. இருந்தவர்கள் அம்மாவும் அப்பாவும் ஆச்சியும்தான். பின்னர் வாஸ் அடிகளும் அவருடைய தோழர்களும் ஊர்தோறும் அண்ணாவிமாரையும் மூப்பர்மாரையும் ஏற்படுத்தி, குரு வராத நாட்களில் செபம் நடத்தும் பொறுப்பைப் பொதுநிலையினரிடமே கொடுத்தார்கள்.

மடு மாதாவின் வரலாறும் இடப்பெயர்வின் வரலாறுதான். மாந்தைக் கத்தோலிக்கர் ஒல்லாந்தருக்கு அஞ்சித் தங்கள் மாதா சுரூபத்தை எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போய் மருதமடுவில் தங்கினார்கள் என்பது மரபு. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அதே சுரூபம் தேவன்பிட்டிக் கோயிலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அந்த ஆண்டு ஓகஸ்டில் திரும்பி வந்தது. "மாதாவும் எங்களைப் போல வெளிக்கிட்டவதான்" என்று பிள்ளைக்குச் சொல்லலாம். அது கதையல்ல, உண்மை.

திருச்சபையின் போதனையும் இதுவே. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், பிள்ளைகளைச் சொல்லாலும் வாழ்வாலும் விசுவாசத்தில் பயிற்றும் கடமை மற்ற எவருக்கும் முன்னர் பெற்றோருக்கு உரியது என்கிறது. மறையாசிரியர் வருவது உதவிக்கு. முதல் ஆசிரியர் நீங்கள்.

ஒரு பெட்டி, ஓர் இடம்

மேசையோ மாடமோ வேண்டாம். மூடியுள்ள பனையோலைப் பெட்டி ஒன்று, கிடைக்காவிட்டால் வெறும் பிஸ்கற் ரின் ஒன்று எடுங்கள். அதற்குள் ஒரு சிலுவை, ஒரு மாதா படம், ஒரு செபமாலை, புதிய ஏற்பாட்டுப் புத்தகம், சுத்தமான சிறு துணி ஒன்று. சிலுவை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. இரண்டு தடியை நூலால் கட்டினால் சிலுவை. படம் பழைய கலண்டரில் வெட்டியதாக இருக்கலாம்.

செப நேரத்தில் பாயை விரித்து, ஒவ்வொரு நாளும் அதே மூலையில் துணியைப் போட்டு இவற்றை வையுங்கள். முடிந்ததும் எடுத்து மூடி, கூரை வளையில் தூக்கிவிடுங்கள். அந்த மூலையில் பிறகு சோறு பரிமாறலாம், படுக்கலாம், குற்றமில்லை. பெட்டியைத் திறந்து வைக்கும் வேலையை வீட்டிலே மிகச் சிறிய பிள்ளைக்குக் கொடுங்கள். நீங்கள் மறந்துபோன நாளிலும் அந்தப் பிள்ளை நினைவூட்டும். திரும்பவும் வெளிக்கிட வேண்டி வந்தாலும் பெட்டி கையோடு வரும்.

விளக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கிடுகுக் கொட்டிலிலும் தறப்பாள் கூடாரத்திலும் படத்துக்கு முன்னால் மண்ணெண்ணெய் விளக்கையோ மெழுகுதிரியையோ எரியவிட்டுப் படுக்கக் கூடாது. மண் நிரப்பிய அகன்ற ரின்னுக்குள் விளக்கை வைத்து, செபம் முடிந்தவுடன் அணைத்துவிடுங்கள். அணைக்கும்போது எல்லோரும் சேர்ந்து நன்றி சொன்னால் அதுவும் ஒரு செபம். மின்விளக்கு இருந்தால் திரி தேவையே இல்லை.

இன்னொன்று. பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரத்தையும் பிறப்புப் பத்திரத்தையும் தண்ணீர் புகாத பொலித்தீன் பையில் சுற்றி அதே பெட்டியின் அடியில் வையுங்கள். ஞானஸ்நானப் பத்திரம் தொலைந்திருந்தால், ஞானஸ்நானம் கொடுத்த பங்கில் பிரதி கேளுங்கள். பதிவேடே அழிந்துபோயிருந்தாலும் கலங்க வேண்டாம். நேரில் கண்ட நம்பகமான ஒருவருடைய சாட்சியம் போதும் என்று திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. ஞானத்தாய், ஞானத்தந்தை உயிரோடிருக்கும்போதே இதைப் பங்குத் தந்தையிடம் சொல்லி எழுதுவித்துக்கொள்வது நல்லது.

வயதுக்கு ஏற்ற அளவு

சிறு பிள்ளையை முழுச் செபமாலைக்கும் முழந்தாளில் வைத்திருப்பது பிள்ளைக்கும் பாரம், மற்றவர்களுக்கும் தொந்தரவு. வயதுக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்தால் போதும். நாலு வயதுப் பிள்ளைக்கு நாலு நிமிடம்.

மூன்று வயதுக்குள் சொல்லால் அல்ல, தொடுகையால் கற்பிக்கிறோம். படுக்கப் போகும்போதும், நீங்கள் கூலி வேலைக்குப் புறப்படும்போதும், பிள்ளையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை அடையாளம் போடுங்கள். விடியற் புறத்திலே போய்ப் பொழுதுபட வரும் தகப்பனாலும் இதைச் செய்ய முடியும்.

மூன்றிலிருந்து ஐந்து வயது வரை ஒரு கதையை ஒரு வாரம் முழுவதும் சொல்லலாம். பெரியவர்களுக்கு அலுக்கும், பிள்ளைக்கு அலுக்காது. இந்த வயதில் பெரிய மந்திரங்களை ஒரேயடியாகப் பாடமாக்க வைக்காமல், ஒரு வாரத்துக்கு ஒரு வசனமாகச் சேர்த்துக்கொண்டு போனால் இரண்டு மாதத்தில் கர்த்தர் கற்பித்த செபம் பாடமாகிவிடும். செபமாலையில் பத்து மணி மட்டும் சொல்லுங்கள். மணியைத் தள்ளும் வேலை பிள்ளைக்கு.

ஆறு, ஏழு வயதில் 'ஏன்' என்ற கேள்வி வரும். நன்மை தீமையைப் பிரித்தறியும் இந்த வயதிலேயே, ஏறக்குறைய ஏழு வயதில், பிள்ளைகளை முதல் நன்மைக்கு அனுமதிக்கலாம் என்று பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1910இல் வழி திறந்தார். ஆகவே முகாம் மாறியதால், பங்கு மாறியதால் முதல் நன்மை தள்ளிப்போய்க் கிடக்கும் பிள்ளை இருந்தால், இப்போது வாழும் இடத்துப் பங்குத் தந்தையிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். "சொந்தப் பங்குக்குப் போன பிறகு" என்று வைத்திருக்காதீர்கள்.

கமக்காரத் தகப்பனின் பாடம்

இயேசு சொன்ன உவமைகளில் பல வயலிலும் வீட்டிலும் பிறந்தவை. இந்தப் பாடங்களில் மறையாசிரியரைவிடக் கமக்காரக் குடும்பத்துக்கே அதிகம் தெரியும். ஆனால் இடம்பெயர்வில் வளரும் பிள்ளை விதைப்பையே கண்டிருக்காது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கலாம்.

அடியில் துளையிட்ட நாலு பழைய ரின்களை எடுங்கள். ஒன்றில் மண்ணை இறுக மிதித்து நிரப்புங்கள். ஒன்றில் கல்லைப் போட்டு மேலே சிறிது மண் தூவுங்கள். ஒன்றில் புல்லும் களையுமாக இருக்கும் மண்ணை வெட்டி வையுங்கள். ஒன்றில் நன்றாகப் பதப்படுத்திய மண்ணோடு எரு கலந்து போடுங்கள். ஓர் இரவு ஊறிய பயற்றில் நாலைந்து மணியை ஒவ்வொன்றிலும் பிள்ளையின் கையாலேயே போடுவியுங்கள். இறுகிய மண்ணில் மேலே கிடக்கும் மணியைக் குருவி கொத்தும். கல்மண்ணில் முளைத்தது வெயிலில் வாடும். களைக்குள் விழுந்தது மெலியும். நல்ல மண்ணில் விழுந்தது ஏறக்குறைய இரண்டு மாதத்தில் காய்க்கும். விதைப்பவர் உவமையை அந்தப் பிள்ளை சாகும்வரை மறக்காது. பயறு நடுவதும் கூடவே பழகிவிடும்.

அப்பத்துக்கு மா புளிக்க வைக்கும் இரவில் புளித்த மாவின் உவமை. கடுகு தாளிக்கும்போது கடுகு விதையின் உவமை. சில்லறைக் காசு ஒன்று தவறி, கொட்டில் முழுவதும் கூட்டித் தேடும்போது காணாமற்போன காசின் உவமை. இவற்றுக்குப் புத்தகம் தேவையில்லை. வேலை நடக்கும்போதே சொல்லலாம்.

1954இல் உரோமாபுரியில் சோபியா கவல்லெத்தி என்ற விவிலிய அறிஞர், மொன்ரிசோரி அம்மையாரின் முறையைப் பின்பற்றிச் சிறு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கொடுக்கத் தொடங்கினார். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளின் மனத்தை மிகவும் கவர்வது நல்ல மேய்ப்பரின் உவமை என்பதை அவர் அனுபவத்தில் கண்டார். மரத்தில் செய்த மேய்ப்பரையும் ஆடுகளையும் பட்டியையும் பிள்ளைகளே கையால் நகர்த்தி அந்த உவமையைத் தியானிப்பார்கள். நாம் களிமண்ணில் பிசைந்து வெயிலில் காயவைத்தால் ஒரு சதமும் செலவில்லை. மேய்ப்பருக்கு ஒவ்வோர் ஆட்டின் பெயரும் தெரியும் என்று சொல்லும்போது, ஆடுகளுக்கு உங்கள் பிள்ளைகளின் பெயரையே வையுங்கள். வரிசைகளிலும் பட்டியல்களிலும் இலக்கமாக எண்ணப்பட்ட பிள்ளைக்கு, தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர் இருக்கிறார் என்பது பெரிய செய்தி.

ஆண்டு வட்டமும் நமக்கு உதவும். காலபோக விதைப்பு நடக்கும் ஒக்டோபர் செபமாலை மாதம். விதையைக் கையில் வைத்தே செபிக்கலாம். மாரி மழை பெய்யும் நவம்பரில், ஊரில் விட்டு வந்த கல்லறைகளை நினைத்து, அங்கே துயிலும் அப்பப்பா, அம்மம்மாவின் பெயர்களைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். நத்தாருக்குக் கொட்டிலின் ஒரு மூலையில் வைக்கோலால் பாலன் குடில். குருத்தோலை ஞாயிற்றில் கொண்டுவந்த ஓலையில் சிறு சிலுவை பின்னிப் பெட்டிக்குள் வைக்கலாம்.

பிள்ளை கேட்கும் கடினமான கேள்விகள்

"மாதா ஏன் எங்கட வீட்டைக் காப்பாத்தேல்லை?" இப்படிக் கேட்கும் பிள்ளையை அதட்டி அடக்க வேண்டாம். "நாங்கள் செய்த பாவத்துக்குத் தண்டனை" என்றும் சொல்ல வேண்டாம். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர் கேட்டபோது, அவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்றார் இயேசு. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்களைப் பற்றியும் அவ்வாறே, மற்றவர்களைவிட அவர்கள் பாவிகள் அல்லர் என்றார். குறும்பை அடக்க "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். குண்டுச் சத்தத்துக்குப் பயந்த பிள்ளையைக் கடவுளுக்கும் பயப்பட வைக்கலாமா?

அப்படியானால் என்ன சொல்வது? "எனக்கும் தெரியேல்லை, நானும் அதைத்தான் கேக்கிறன், வா, ரெண்டு பேருமாக் கேப்பம்" என்று சொல்லலாம். இது விசுவாசக் குறைவு அல்ல. விவிலியத்தின் 150 திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஏன் கைவிட்டீர், எதுவரைக்கும் என்று கடவுளிடம் முறையிடும் பாடல்களே. பிறகு, குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு சூசையப்பரும் மாதாவும் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய கதையைச் சொல்லுங்கள். பாலைவனத்தில் இஸ்ராயேல் மக்கள் கூடாரத்தில் வாழ்ந்தபோது கடவுளும் அவர்கள் நடுவே கூடாரத்தில் தங்கினார் என்பதைச் சொல்லுங்கள். தறப்பாளின் கீழ் இருக்கும் பிள்ளைக்கு அது உடனே விளங்கும்.

காணாமற்போன தகப்பனுக்காக எப்படிச் செபிப்பது என்பது பல தாய்மாருக்குத் தீராத வேதனை. உயிரோடிருப்பவர்களோடு சேர்ப்பதா, இறந்தவர்களோடு சேர்ப்பதா? "நாளைக்கு வருவார்" என்று நாட்குறித்து வாக்குக் கொடுக்க வேண்டாம். இறந்துவிட்டார் என்று தெரியாமல் சொல்லவும் வேண்டாம். "அப்பா எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது, உமக்குத் தெரியும், அவரை உம்முடைய கையில் வைத்திரும்" என்று பிள்ளையோடு சேர்ந்து செபியுங்கள். ஒவ்வோர் இரவும் அவருடைய பெயரைச் சொல்லுங்கள். பெயர் சொல்லப்படும் வீட்டில் தகப்பன் மறக்கப்படுவதில்லை.

"எங்களுக்கு இப்பிடிச் செய்தவையை மன்னிக்க வேணுமோ?" என்றும் பிள்ளை கேட்கும். மன்னித்துவிட்டேன் என்று சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். பழிவாங்கும் நினைவை வளர்க்கவும் வேண்டாம். நீதி கேட்பதும் மன்னிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைப் பிள்ளை உங்களைப் பார்த்து மெல்ல மெல்லக் கற்கும்.

ஓர் அறையில் எல்லாம் தெரியும்

பெரிய வீட்டில் பெற்றோர் சண்டை பிடித்தால் கதவைச் சாத்தலாம். ஓர் அறையில் சாத்தக் கதவில்லை. கடன்காரன் வந்து போன பின் அப்பா சொல்லும் வார்த்தையும், அம்மா இரவில் அழுவதும் பிள்ளைக்குத் தெரியும். கசிப்புக் குடித்துவிட்டு வரும் கையால் போடும் சிலுவை அடையாளத்தையும் பிள்ளை அறியும்.

இது பயமுறுத்தச் சொன்னதல்ல. சண்டையை மறைக்க முடியாத வீட்டில் சமாதானத்தையும் மறைக்க முடியாது. கோபித்துப் பேசிய தகப்பன் பிள்ளைகளுக்கு முன்னாலேயே தாயிடம் "நான் சொன்னது பிழை" என்று சொன்னால், பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி அதைவிட நல்ல பாடம் வேறில்லை. உதவிப் பொருள் கொடுக்கும் வரிசையில் முந்திப் போகாமல் நிற்பதும், கூடுதலாகத் தந்ததைத் திருப்பிக் கொடுப்பதும், பக்கத்துக் கொட்டில் கிழவிக்கு ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கொடுப்பதும் அப்படியே. பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த கொட்டிலில் சைவக் குடும்பம் இருக்கலாம், வேறு சபையார் இருக்கலாம். கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் சொல்வது அந்தப் பக்கம் கேட்கும். செபத்தை மெல்லிய குரலில் சொல்லுங்கள். அவர்கள் தேவாரம் பாடும் நேரத்தில் பிள்ளைகள் கூச்சலிடாமல் இருக்கப் பழக்குங்கள். மற்றவர்களுடைய வழிபாட்டை இகழாமல் இருப்பதும் மறைக்கல்வியே.

ஒரு வாரத்துக்கு ஓர் ஒழுங்கு

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முயல வேண்டாம். நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

திங்கள்: அந்த வாரத்துக்குரிய கதையை அம்மாவோ அம்மம்மாவோ சொல்வது.
செவ்வாய்: அதே கதையைப் பிள்ளை திருப்பிச் சொல்வது. பிழைபிடிக்க வேண்டாம்.
புதன்: கதையை நிலத்திலே கீறுவது, அல்லது களிமண்ணில் செய்வது.
வியாழன்: செபத்தில் ஒரு புதிய வசனம்.
வெள்ளி: சிலுவைக்கு முன் சிறிது மௌனம். அன்றைய பிழைகளுக்கு ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பது.
சனி: செபமாலையில் பத்து மணி. ஊரையும், ஊர்க் கோயிலின் பாதுகாவலரையும், அங்கே நடந்த திருநாளையும் பற்றிப் பேசுவது.
ஞாயிறு: முடிந்தால் திருப்பலி. முடியாவிட்டால் அயலில் உள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரு மர நிழலில் கூடி அன்றைய நற்செய்தியை வாசிப்பது.

வாசிக்கத் தெரியாத பெற்றோர் கூச்சப்பட வேண்டாம். பெரிய பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் விளக்குங்கள். உங்களுக்குத் தெரிந்த கதைகளே ஓர் ஆண்டுக்குப் போதும்.

செபிக்கச் சொற்கள் வராத நாளில் இப்படிச் சொல்லலாம்: "ஆண்டவரே, இந்தக் கொட்டில் சிறிது. நீர் உள்ளே வாரும். இன்றைக்குச் சாப்பிட்டதற்கு நன்றி. எங்கள் காணியையும், எங்களோடு இல்லாதவர்களையும் நீர் பார்த்துக்கொள்ளும். விடியும்வரை எங்களைக் காத்தருளும். ஆமென்."

பெற்றோரே, உங்கள் வீட்டில் நீங்கள் கண்டறிந்த வழிகளை எமக்கு எழுதியனுப்புங்கள். மற்றக் குடும்பங்களுக்கும் அவை உதவும். காணி எப்போது கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. பிள்ளை தூங்கப் போகும் முன் அந்தப் பத்து நிமிடம் உங்கள் கையில் இருக்கிறது. இன்றிரவே தொடங்குங்கள்.